பதினெட்டு பவுண்டு

ஏலச்சீட்டில் மூன்று வரி:
ஒரு டன். நான்கு சக்கர இழுவை.
ஓடும் நிலையில் இல்லை.
அதை லாரி மேல் ஏற்றி
கலந்தர் கொண்டுவந்த அன்று
சிக்கல் கடைத்தெருவில் ஒருவர் கேட்டாராம்,
"ஒடைக்கவா?"

வாலிநோக்கத்துக்குப் பெரிய இரும்பு எது போனாலும்
கேட்கிற கேள்விதான்.
கப்பலையே துண்டு போட்ட கரை.

சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனேன்.
டண் என்றால் விட்டுவிடுவேன்.
தொப் என்றால் சாக்கட்டியால் ஒரு வட்டம்.
மஃரிபுக்கு எழுந்து பார்த்தபோது
வட்டங்களுக்கு இடையில்
கொஞ்சம் வண்டி இருந்தது.

வல்லத்துக்கு வெல்டிங் வைக்கும் ரோச்சு அண்ணன்
வெட்ட வெட்ட
நல்ல இரும்பு தள்ளித் தள்ளிப் போனது.
அடிச்சட்டத்தைத் திறந்ததும்
ஒரு கை மண் கொட்டியது.
எங்கள் மண் இல்லை, சாம்பல் நிறம், மாவு மாதிரி.
"எங்கேயோ மேல ஓடியிருக்கு" என்றான் கலந்தர்,
தோழனின் பழைய காதலைக் கண்டுபிடித்தவன் போல.
மருந்து டப்பாவில் எடுத்துவைத்தேன்.
டப்பா தேவைப்பட்டபோது கொட்டிவிட்டு
வாஷர் போட்டுக்கொண்டேன்.

டிரான்ஸ்பர் பெட்டி உக்கடத்தில் கிடைத்தது.
அதற்குள் இருக்கவேண்டிய ஒரு வளையம்
(விலை பதினொரு ரூபாய்)
நாற்பத்தேழு நாள் எங்கும் கிடைக்கவில்லை.
அந்த நாற்பத்தேழு நாளில்
படுக்கை அடித்தோம், அடுப்புப் பெட்டி அடித்தோம்,
தண்ணீர்த் தொட்டிக்கு பைபர் பூசிவிட்டு
கை அரிப்பில் இரவெல்லாம் விழித்திருந்தோம்.
படுக்கை ஐந்தடி எட்டு. அவன் ஐந்தடி பத்து.
இரண்டு அங்குலத்துக்காக மூன்று நாள் பேச்சில்லை.
இப்போது கால்மாட்டில் ஒரு சதுர ஓட்டை.
அவன் பாதம் மட்டும்
அரிசி டப்பாவோடு தூங்கும்.

கச்சான் தொடங்கிய வாரம்
முதல் ஓட்டம்.
ஒமானில் ஒன்பது வருஷம்
மணலில் புதைந்த வண்டிகளை இழுத்தவன்
எங்கள் மணலில் இறக்கினான்.
காற்றைக் குறைக்கலையா என்றேன்.
"நம்ம கடற்கரைதானே."

எண்பது அடி.
பிறகு வண்டி உட்கார்ந்தது,
சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி, நிதானமாக.
அவன் மிதித்தான். இன்னும் உட்கார்ந்தது.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்
வலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்,
உதவிக்கு இல்லை.

நான் இறங்கி வால்வைத் திறந்தேன்.
நாற்பத்தைந்து. முப்பது.
ஒன்பது வருஷம் போனில் கேட்டதெல்லாம்
இதுதான்:
சோறு தின்னியா,
பணம் வந்துச்சா,
மணல்ல போகணும்னா காத்த எறக்கணும் புள்ள.
இருபத்திரண்டு.
அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினெட்டு.
டயர் நான்கும் மண்ணில் கன்னம் வைத்துப் படுத்தன.

"இப்ப எடு. மெதுவா."

ஏறியது. சத்தமே இல்லாமல்.
கூட்டத்துக்கு ஏமாற்றம்.

காற்றை இறக்கத் தெரிந்தவளுக்கு
ஏற்ற ஒரு கம்பிரசர் வாங்கத் தோன்றவில்லை.
பஞ்சர் கடை வரைக்கும்
தொளதொளத்த டயரில், இருபதைத் தாண்டாமல்,
ஆட்டோக்காரன் எல்லாம் ஹார்ன் அடித்து முந்திப்போக,
ஒரு ஆட்டுக்குட்டி கொஞ்சதூரம் கூடவே வந்தது.

கடைப் பையன் குழாயை மாட்டிவிட்டுக் கேட்டான்,
"எங்க போற வண்டி?"
கலந்தர் என்னைப் பார்த்தான்.
லடாக் என்று சொல்ல
இரண்டு பேருக்கும் வாய் கூசியது.
"தூரம்" என்றேன்.

உப்பும் கருவாடும் கலந்த காற்று
ஒவ்வொரு டயராக ஏறிக்கொண்டிருந்தது.
"ஸ்டெப்னிக்கும் அடிக்கவாக்கா?"

அடி.
அதுக்கும் நாற்பத்தைந்து.